தவமணி கழற்றாத பலகை

ஆஸ்பத்திரி மேலாளர் தணிகாசலம், தரை துடைக்கும் தவமணியைக் கூப்பிட்டு, டாக்டர் ரெஜினாவின் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார். நோயாளிகள் போட்ட மதிப்பெண்ணில் அந்தம்மாதான் கடைசியாம்.

"இந்தச் சீட்டைப் பாரு. ஒரே நட்சத்திரம். இரக்கமில்லாம பேசுறாங்களாம்."

"நான் எழுதுனதுங்க சார். என் வீட்டுக்காரருக்குக் கேன்சர்னு உள்ளதைச் சொன்னாங்க. கோவத்துல எழுதி, அவருகிட்ட கையெழுத்து வாங்குனேன். டாக்டர் கோதண்டத்துக்கு அஞ்சு நட்சத்திரம்னு ஒரு சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே, அதுவும் நான் எழுதுனதுதான். ஆறு மாசம் முன்னாடி என் வீட்டுக்காரரோட இதே வலியை வெறும் வாயுன்னு சிரிச்சு அனுப்புனாரு. ரெண்டையும் மாத்தணும் சார்."

தணிகாசலம் கனைத்துக்கொண்டார். "நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடாம எதையும் மாத்த முடியாது."

"அவரை எரிச்சு நாப்பது நாளாச்சு," என்றாள் தவமணி. "அவரு வர்ற வரைக்கும் இந்தப் பலகையையும் மாத்தாதீங்க சார்."