சாரி கார்டுக்கு வேலை கொடுத்த கதை

ஒரு ஊரிலே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்ததாம். ராஜா இல்லையா என்று கேட்காதீர்கள். ராஜாவெல்லாம் எப்போதோ போய்விட்டார். மிச்சம் இருந்தது வண்டிதான்.

வண்டிக்குச் சொந்தக்காரன் மாசிலாமணி. வயது முப்பத்தாறு. ஒன்பது வீட்டில் பெண் பார்த்து, ஒன்பது வீட்டிலும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்ற பதிலோடு திரும்பியவன். பத்தாவதாகச் செம்மண்விளையில் ஒரு பெண் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் தரகர் வந்து சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா அப்புறம் என்னைத் தேடாதேடே. இந்தக் காலத்துல மாப்பிள்ளையை எவன் பாக்கான்? வண்டியைத்தான் பாக்கான். வண்டி பளபளன்னு இருக்கணும்."

மாசிலாமணிக்கு இரண்டு சேக்காளிகள், கோடித்துரையும் சங்கிலிபூதமும். மூன்று பேரும் டவுனுக்குப் போய், வண்டிக்குக் குரோம் சாமான் மாட்டும் கடைமுன் நின்று ஒரு மணி நேரம் யோசித்தார்கள்.

"ரொம்ப மாட்டினா வெயில்ல கண்ணு கூசும்லே" என்றான் சங்கிலிபூதம்.

"கூசட்டும். கண்ணு கூசினா பொண்ணு வீட்டுக்காரவுக மாசிலாமணி மூஞ்சியைச் சரியாப் பாக்க மாட்டாவ" என்றான் கோடித்துரை.

மாசிலாமணி தன் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான். "அப்ப நிறையவே மாட்டுவோம்" என்றான்.

கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "சும்மா அழகுக்குன்னு நினைச்சிராதீங்க. எல்லாத்துக்கும் வேலை இருக்கு. இது லெக் கார்டு, வண்டி விழுந்தா காலைக் காப்பாத்தும். இது கண்ணாடி, பின்னால வாறவனைக் காட்டும். இது சாரி கார்டு, பின்சீட்டுல உக்காருதவுக சேலை சக்கரத்துல சிக்காமப் பாத்துக்கிடும். வேலை இல்லாத சாமானை நான் மாட்டவே மாட்டேன். சும்மா கிடந்தா துருதான் பிடிக்கும்."

அவர் விற்பதற்காகச் சொன்னார். இவர்கள் வாழ்வதற்காகக் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மாசிலாமணி லெக் கார்டைத் துடைத்துக்கொண்டே கவலைப்பட்டான். "நேத்துப் பூரா ஓட்டினேன். ஒரு தடவைகூட விழலைலே."

"அப்ப ஒரு நாள் பூரா சும்மா இருந்திருக்கு" என்றான் கோடித்துரை. "துரு ஏறுததுக்குள்ள விழு."

டீக்கடை முன்னால் போய் விழுந்தான். கார்டு காலைக் காப்பாற்றியது. கைக்குக் கார்டு இல்லாததால் முழங்கை தேய்ந்தது. மூவருக்கும் திருப்தி. ஆனால் சங்கிலிபூதம் நியாயஸ்தன். "இடது பக்கம் விழுந்தாச்சு. வலது பக்கக் கம்பி என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்டான். அதுவும் சரிதானே? வலது பக்கமும் விழுந்தான். அன்று முதல் மருந்து மாதிரி தினம் இரண்டு வேளை.

டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "வண்டி ஓட்டத் தெரியாதாடே?"

"நல்லாத் தெரியும். இது கார்டுக்காக விழுதது" என்றான் மாசிலாமணி, தரையில் கிடந்தபடியே.

அடுத்தது கண்ணாடி. ஊர்ச் சாலையில் பின்னால் வர ஆள் ஏது? அதனால் கோடித்துரை வண்டிக்குப் பின்னால் ஓடினான். அவன் தெரிகிறானா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனதில், முன்னால் நின்ற எருமை தெரியவில்லை. லெக் கார்டுக்கு அன்று கூடுதல் வேலை.

வியாழக்கிழமை மாசிலாமணி கண் கலங்கிவிட்டான். "சாரி கார்டு மட்டும் அஞ்சு நாளா சும்மா நிக்குலே."

"கல்யாணம் ஆனா உன் பொண்டாட்டி உக்காருவா" என்றான் கோடித்துரை.

"கல்யாணம் ஆகணும்னா வண்டி பளபளன்னு போகணும். நாளைக்குள்ள துரு பிடிச்சிட்டா?"

இரண்டு பேரும் சங்கிலிபூதத்தைப் பார்த்தார்கள். அவன் தங்கமான பிள்ளை. "எங்க அக்கா சேலை ஒண்ணு இருக்கு" என்றான். அப்புறம் மெதுவாக, "மீசையை எடுத்திரவா?" என்று கேட்டான்.

கோடித்துரை ஆழமாக யோசித்தான். "அண்ணாச்சி சேலைன்னுதான் சொன்னாரு. மீசையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

ஆகவே மீசை தப்பியது.

வெள்ளிக்கிழமை செம்மண்விளையில், பெண்ணின் அப்பா தங்கப்பழம் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் பின்சீட்டையே பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இது யாரு?"

"சாரி கார்டுக்காக வந்திருக்கு மாமா."

"அந்தா, நாக்குத் தள்ள ஓடி வாறது?"

"அது கண்ணாடிக்கு."

"கையில என்ன கட்டு?"

"லெக் கார்டுக்கு."

தங்கப்பழம் விறுவிறுவென்று உள்ளே போனார். "தாயி, பஜ்ஜியைக் குடுத்து, சொல்லி அனுப்புதோம்னு சொல்லிருதேன்" என்றார் மகளிடம்.

மகள் செண்பகக்கனி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கம்பியைத் தட்டிப் பார்த்தாள்.

"எனக்கு வண்டி பிடிச்சிருக்கு" என்றாள்.

"வண்டிக்காரரு?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"கூட வந்தா வரட்டும்."

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் கோடித்துரை அவனை முருங்கை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "பொண்ணு சுடிதார்லா போட்டிருக்கு!"

மாசிலாமணி திரும்பிப் போய்க் கேட்டான். "நீங்க... சேலை கட்டுவீயளா?"

"வண்டி ஓட்ட சுடிதார்தான் வசதி" என்றாள் செண்பகக்கனி. "இனி நான்தான ஓட்டப்போறேன்."

மறுபடி முருங்கை மரத்தடி. "நல்லா யோசிச்சுக்கோ" என்றான் கோடித்துரை, மூச்சு வாங்கியபடி. "கல்யாணமா, சாரி கார்டா?"

மாசிலாமணி வண்டியைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான். பத்தாவது வீடும் கைவிட்டுப் போகிற நேரத்தில், சங்கிலிபூதம் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "நான் இருக்கேம்லா. ஆயுசு பூரா கட்டுதேன்."

மாசிலாமணி அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். தங்கப்பழம் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் கோயிலில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புறப்படும் நேரம் வந்தது. செண்பகக்கனி வண்டியை உதைத்துக் கிளப்பினாள். புதுப் பட்டுச் சேலையில் சங்கிலிபூதம் பின்னால் ஏறினான். மூன்று பேர் ஏறினால் போலீஸ் பிடிக்கும் என்பது மூவருக்கும் தெரிந்த ஒரே சட்டம். அதனால் மாசிலாமணி இறங்கிக்கொண்டான். வண்டி பறந்தது. கோடித்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். சொந்தக்காரர்கள் கையை அலம்பிவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கடைசியாகப் போன ஒரு கிழவர் மட்டும் நின்று கேட்டார். "என்னய்யா மாப்பிள்ளை, தனியா நிக்கீரு?"

தூரத்து வளைவில் வெயில் பட்டு வண்டி மின்னி மறைந்தது. மாசிலாமணி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டுறப்போ ஒண்ணுமே தெரியலை தாத்தா. இங்க இருந்து பாத்தாத்தான் எம்புட்டுப் பளபளப்பு!" என்றான். மாலையைச் சரிசெய்துகொண்டு, ஊருக்குப் போகும் ஏழு மைலையும் சந்தோஷமாக நடக்க ஆரம்பித்தான்.