ராஜா வெந்த எடை

கொன்றைமங்கலத்து ராஜா வீரமல்லர் ஏறிய குதிரை ஒருநாள் கடைத்தெரு நடுவில் உட்கார்ந்துவிட்டது. தட்டிக்கொடுத்தும் எழவில்லை, கொள்ளு காட்டியும் எழவில்லை. ராஜா இறங்கியதும் சட்டென்று எழுந்து லாயத்தைப் பார்த்து நடந்தது. ஊரே பார்த்தது. ராஜாவுக்கு மானம் போய்விட்டது.

அரண்மனை வைத்தியர் ஆவுடையப்பரைக் கூப்பிட்டார். உடம்பு இளைக்க வழி சொல்லச் சொன்னார். வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, ஓலையில் எழுதிக்கொடுத்தார். வேளைக்கு அரிசி வகை பத்துப் பலம், கறி வகை பத்துப் பலம், அதற்கு மேல் ஒரு பருக்கையும் கூடாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுத மறந்தார். நிறுப்பது பச்சையாகவா, வேகவைத்த பிறகா?

மடைப்பள்ளிக்காரர்கள் தராசும் கையுமாக விழித்தார்கள். விஷயம் ராஜாவிடமே போயிற்று. சாப்பாட்டு விஷயத்தில் அவருடைய மூளை படுவேகமாக வேலை செய்யும்.

"சோற்றில் பாதி தண்ணீர். தண்ணீரை எதற்குக் கணக்கில் சேர்ப்பது? அரிசியைப் பச்சையாக நிறுங்கள். பச்சைக் கறியிலும் தண்ணீர்தான். வெந்தால் அது வற்றிவிடும். அதனால் கறியை வெந்தபிறகு நிறுங்கள்" என்றார்.

பத்துப் பலம் அரிசி பொங்கி முப்பது பலம் சோறாயிற்று. வெந்த கறி பத்துப் பலம் தேற வேண்டுமென்று பதினைந்து பலத்துக்கு மேல் பச்சைக்கறி சட்டியில் விழுந்தது. வைத்தியர் ஓடிவந்து கெஞ்சினார். ராஜா கேட்கவில்லை. தம் தீர்ப்பை முத்திரையோடு மடைப்பள்ளிச் சுவரிலேயே எழுதிவைத்தார்: "நீர் கணக்கில் சேராது. அரிசிக்குப் பச்சை எடை. மாமிசத்துக்கு வெந்த எடையே உண்மை எடை."

அதோடு விட்டாரா? பௌர்ணமிக்குள் எடை குறையாவிட்டால் வைத்தியர் தம் மருந்துப் பெட்டியில் உள்ள அத்தனையையும் சபை நடுவில் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஆவுடையப்பருக்குத்தானே தெரியும். பேதி மருந்து மட்டும் ஒரு படைக்குப் போதுமான அளவு இருந்தது.

பௌர்ணமிக்கு முதல்நாள் அவர் செவ்வந்தியப்பர் வீட்டுக்கு ஓடினார். அரண்மனைத் தராசுகளுக்கெல்லாம் அதிகாரி அவர். வாயைத் திறக்க யோசிப்பார், திறந்தால் எதிரில் இருப்பவர் யோசிக்க வேண்டியிருக்கும். கதையெல்லாம் கேட்டுவிட்டு, சுவரில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் சொல்லச் சொன்னார். வைத்தியர் சொன்னார். "போய்த் தூங்குங்கள்" என்று அனுப்பிவிட்டார். வைத்தியருக்கு எங்கே தூக்கம் வந்தது.

மறுநாள் சபையில் பெரிய தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் உப்பு மூட்டைகள். போன மாதம் பன்னிரண்டு மூட்டை. இப்போது பன்னிரண்டு வைத்தும் ராஜா தரையை விட்டு எழவில்லை. பதின்மூன்றாவது வைத்ததும்தான் தட்டு சமமாயிற்று. ராஜா மருந்துப் பெட்டியைக் கைகாட்டினார். ஆவுடையப்பர் மூடியைத் திறந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் மெல்லப் பின்வரிசைக்குப் போனார்கள்.

"மகாராஜா, இந்த எடை செல்லாது" என்றார் செவ்வந்தியப்பர்.

"ஏன்? தராசு பழுதா?"

"தராசு சரியாக இருக்கிறது. தாங்கள்தான் இன்னும் வேகவில்லை."

செவ்வந்தியப்பர் நிதானமாகத் தொடர்ந்தார். "மாமிசத்துக்கு வெந்த எடையே உண்மை எடை என்பது தங்கள் முத்திரை பதித்த தீர்ப்பு. நாங்கள் இப்போது நிறுத்தது பச்சை எடை. தண்ணீரெல்லாம் உள்ளேயே இருக்கிறது. வாசலில் திருவிழா அண்டாவைக் காய வைத்திருக்கிறேன். ஒரு கொதி வரட்டும். நிச்சயம் நாலு மூட்டை குறையும். வைத்தியர் ஜெயித்துவிடுவார்."

ராஜா எட்டி வாசலைப் பார்த்தார். அண்டாவில் ஆவி பறந்தது. யாரோ அதில் மஞ்சள்கூடப் போட்டிருந்தார்கள்.

ராஜா லேசில் விடுகிறவரா? "செவ்வந்தியப்பரே, நான் மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த உடம்பு. என்னை அரிசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அரிசிக்குப் பச்சை எடைதானே?"

"உத்தரவு, மகாராஜா. ஆனால் உமியோடு நிறுத்தால் அது நெல். அரிசி என்றால் குத்தித்தான் எடுக்க வேண்டும். உரல் பின்கட்டில் தயாராக இருக்கிறது. உலக்கை பிடிக்க நாலு பேரையும் நிறுத்தியிருக்கிறேன்."

ராஜா தராசுத் தட்டிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதிர்த்தட்டிலிருந்து இரண்டு மூட்டை உருண்டு விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் நேரே மடைப்பள்ளிக்குப் போய், சுவரில் எழுதியதைத் தம் கையாலேயே அழித்தார். இனி எல்லாவற்றுக்கும் வெந்த எடை, தம் உடம்பு ஒன்றைத் தவிர என்றார். ஆவுடையப்பர் பெட்டியைப் பூட்டிக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

செவ்வந்தியப்பருக்கு வெகுமதியாக ஒரு கொழுத்த கிடா கிடைத்தது. எத்தனை பலம் இருக்கும் என்று ராஜா கேட்கவே இல்லை.