வளைவு விளக்கு

கதையைக் கேட்டதும் வாயைத் திறந்துவிடாதீர்கள். இதுவரை அவசரப்பட்டு விடை சொன்னவர்கள் எல்லாரும் அசடு வழிந்திருக்கிறார்கள்.

கரடியூற்று என்று ஒரு மலையூர். வெளியிலிருந்து கரண்டுக் கம்பி ஏறாத ஊர். ஊராரே ஓடையோரம் ஒரு மடை கட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, கீழே கொட்டகையில் சின்ன மெஷின் ஒன்றைச் சுற்றவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு வந்தது. அடிவாரத்தில் பஸ் நிற்கும் ரோட்டு வளைவில் ஒரு விளக்கு வந்தது. சாமை அரைக்க மில் வந்தது. மண்ணெண்ணெய்ப் புகை ஒழிந்தது. மேல்காட்டில் கோடாரிச் சத்தமும் நின்றுபோயிற்று. காடு போனால் ஓடை போகும், ஓடை போனால் விளக்கும் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஓடை நடுவே மீன்கல் என்று ஒரு பாறை. அது எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அதற்கு மிஞ்சிய தண்ணீர்தான் மடைக்கு. கீழே இருக்கிற மீனுக்கும் மரத்துக்கும் மாட்டுக்கும் பங்கு வேண்டாமா? மடையைப் பார்த்துக்கொள்ளும் பச்சியம்மா, அப்படியே நடப்பேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவள்.

அவள் புருஷன் தீர்த்தன் போர்வெல் லாரியில் வடக்கே போனவன். கூடவே வா என்று கூப்பிட்டான். மடையை யார் பார்ப்பது என்றாள் இவள். "அப்ப மடையவே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். பாவி மனுஷி, அன்றிலிருந்து மடையில் இலை தள்ளும்போதெல்லாம் கண் மலையடிவாரத்து ரோட்டிலேயே இருக்கும். ஒரு வார்த்தை பொறுத்துப் பேசியிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில், சந்தைக்குப் போன அவள் தம்பி மாதன் சாயங்காலம் மூச்சு வாங்க மடைக்கு ஏறி வந்தான்.

"அக்கா, மாமனைப் பார்த்தேன். இன்னிக்குக் கடைசி பஸ்ல வருதாம். வளைவு விளக்கு எரிஞ்சா எறங்கி வருமாம். எரியலைன்னா நீ வேணாங்கறேன்னு அர்த்தமாம், அப்படியே போயிருமாம்."

பச்சியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே இறங்கி ஓடினாலும் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. ஓடையிலோ தண்ணீர் நூலாக ஓடுகிறது. வீடுகளில் பல்புகள் மினுக் மினுக்கென்கின்றன. கோடை பிறந்ததிலிருந்து வளைவு விளக்கு எரியவேயில்லை.

மாதன் ஊர்க்கவுண்டரிடம் ஓடினான். மடையில் அவள் மட்டும் தனியாக. மடையை அடைத்திருக்கும் பலகையை ஒரு சாண் தூக்கினால் போதும், குழாயில் தண்ணீர் கூடி விளக்கு எரிந்துவிடும். மீன்கல் கொஞ்ச நேரம் காயும், அவ்வளவுதானே? பார்க்க ஒரு ஆள் இல்லை. பலகையில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, குழாய் வாயிலிருக்கும் சல்லடையில் அடைத்த இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது.

ஊர்க்கவுண்டர் சடையன் வீட்டில் அன்று மகளுக்கு நிச்சயம். சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டவர் எழுந்து தன் வீட்டு விளக்கைத்தான் முதலில் அணைத்தார். சம்பந்திக்கு முகம் கறுத்தது.

"எல்லாரும் அணைங்கப்பா, அந்தக் கரண்டு வளைவு விளக்குக்குப் போகட்டும். மருதாயி ஊட்டுல மட்டும் கேக்காதீங்க" என்று ஆள் அனுப்பினார்.

மருதாயியின் புருஷனும் போர்வெல் லாரியில் போனவன்தான். தகவலே இல்லை. இந்தக் கடைசி பஸ்ஸில்தான் வருவான் என்று தினமும் வாசல் பல்பை எரியவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஊர் தூங்கினாலும் அந்த பல்பு தூங்காது.

மேலே மடையிலிருந்து பச்சியம்மா பார்த்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வளைவில் ஏதோ சிவப்பாகக் கனன்றது. விளக்கு என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் திரும்பியது. ஐயோ, போச்சே என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் வளைவு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பஸ் நின்றது. யாரோ இறங்கினார்கள். பஸ் புறப்பட்டுப் போயிற்று.

சிரிப்பும் அழுகையுமாக ஊர்ப்பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மருதாயி வீட்டு வாசல் இருண்டு கிடந்தது.

இப்போது சொல்லுங்கள். பலகையைத் தூக்காத பச்சியம்மா, சம்பந்தி முன்னால் விளக்கை அணைத்த ஊர்க்கவுண்டர், வாசல் பல்பை அணைத்த மருதாயி. இந்த மூவரில் யார் கொடுத்தது பெரிது?

விடை: மருதாயி. பச்சியம்மா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள். ஊர்க்கவுண்டர் ஊருக்குக் கட்டுப்பட்டவர். சம்பந்தியின் கோபமும் இரண்டு நாளில் ஆறிவிடும். மருதாயியை யாரும் கேட்கவே இல்லை. கேட்காதீர்கள் என்றுகூடச் சொல்லியிருந்தது. தன் புருஷனும் வரக்கூடிய அதே பஸ்ஸுக்கு அவள் தன் வாசலை இருட்டாக்கினாள். அவள் பல்பு அணைந்த பிறகுதானே வளைவு விளக்கு எரிந்தது! மறுநாள் சாயங்காலம் மடையில் இலை தள்ளியது இரண்டு பேர். பச்சியம்மாவும் தீர்த்தனும் நிமிரும்போதெல்லாம், மருதாயி வீட்டு வாசலில் பல்பு எரிகிறதா என்றுதான் பார்த்தார்கள்.