மூன்றாவது பிளக்

சென்னியப்பன் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் மாணவனானார். கணபதி பகுதியில் இருபத்தெட்டு வருடம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தியவர். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ வண்டிகள் வரத் தொடங்கியதும் ஒன்றும் பிடிபடவில்லை. கடையைச் சாத்திவிட்டு, பீளமேட்டில் பந்தயக் கார்களுக்கு இஞ்சின் கட்டும் ஹேமலதாவிடம் வந்து நின்றார். அவளுக்கு முப்பத்துமூன்று வயது.

"அம்மணி, நானும் கத்துக்கலாமுங்களா?"

"வாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று.

முதல் நாள் அவள் போட்டது ஒரே ஒரு கட்டளை.

"இந்த ஸ்பார்க் பிளக்குக்கு ஆக்ஸா பிளேடு ஆகாதுங்கண்ணா. முனை ஊசியாட்ட இருக்கும். இடுக்குல எதையும் விட்டு நெம்பீராதீங்க. இடைவெளியக் கம்பி கேஜ் வெச்சுத்தான் அளந்து பாக்கோணும்."

சரி என்று தலையாட்டினார். தலை ஆட்டி என்ன செய்ய? கை இருக்கிறதே, அது தலையைக் கேட்டா நடக்கிறது? அவர் காலத்து மெக்கானிக்குகளுக்கு இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் கனம்தான் அளவு. பிளக்கின் இடுக்கில் அதைச் செருகி, ஒரு நெம்பு நெம்பினால் இடைவெளி சரியாக வந்துவிடும்.

அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு பந்தயத்துக்குப் போகவேண்டிய சிவப்புக் கார் ஒன்று நின்றது. சொந்தக்காரர் மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டவைத்த இஞ்சின். நாலு பிளக்கும் ஹேமலதாவே தேர்ந்தெடுத்தவை. சூட்டைச் சட்டென்று வெளியே கடத்துகிற ரகம். இல்லாவிட்டால் டர்போவின் வெக்கையில் பிளக்கே கனன்று, நேரங்கெட்ட நேரத்தில் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

"எல்லாத்துலயும் இடைவெளியக் கொஞ்சம் கொறைச்சு மாட்டீருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் இரண்டையும் கேஜ் வைத்து, பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து முடித்தார். மூன்றாவதை எடுக்கும்போது எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே எப்போதும் கிடக்கிற பிளேடுத் துண்டை எடுத்துச் செருகி நெம்பியும் விட்டது.

'டிக்' என்று ஒரு சத்தம்.

அட கடவுளே! வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டினார். நாலாவதையும் மாட்டினார்.

முனை உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனைக் கீறும். புகையோடு வெளியே போகிற வழியில் டர்போவின் இறக்கைகளையும் சிதைத்துவிட்டுப் போகும். அதெல்லாம் அவருக்குத் தெரியும். சொன்னால் ஹேமலதா என்ன நினைப்பாள் என்பதும் தெரியும். முதல் நாள் சொன்ன ஒரே ஒரு விஷயம். அதையே காப்பாற்றத் தெரியாத கிழவன். மூடிய கடையை எந்த முகத்தோடு போய்த் திறப்பது?

ஹேமலதா காரை டைனோவில் ஏற்றினாள். நின்ற இடத்திலேயே சக்கரங்களை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கிற உருளை மேடை அது. எதிரே, இஞ்சினைக் குளிர்விக்க ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஏனுங்க அம்மணி, பொறி நீளமாப் பாஞ்சா நல்லாத்தானே எரியும்? எதுக்கு இடைவெளியக் கொறைக்கச் சொல்றீங்க?"

"அந்தச் சுவரோரம் போய் நில்லுங்கண்ணா" என்றாள். போய் நின்றார்.

"ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தைப் பேசறதுங்க?"

"கேக்குது" என்று சொல்லிக் காற்றாடியைப் போட்டாள். "இப்பப் பேசுங்க!"

பேசினார். அவள் காதில் கை வைத்து, இல்லை என்று தலையாட்டினாள். கத்திப் பார்த்தார். தொண்டை கமறியதுதான் மிச்சம். கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். கார்க் கதவுக்குப் பக்கத்தில் வந்து சாதாரணக் குரலில், "இப்பக் கேக்குதுங்களா?" என்றார்.

"நல்லாக் கேக்குது. பொறியும் உங்க கொரலாட்டத்தானுங்கண்ணா. டர்போ காத்தத் திணிக்கறப்ப உள்ள அத்தனை நெருக்கம். எட்ட இருந்து பாயற பொறி பாதியிலயே அணைஞ்சிரும்."

சொல்லிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சமர்த்தாக உறுமியது. சும்மா நிற்கும்போது எந்த இஞ்சினும் சமர்த்துதான். அவள் கியரைப் போட்டாள். இனி ஒரு மிதிதான் பாக்கி.

சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். அவள் காதருகே போய்ச் சொன்னார்.

"அம்மணி, மிதிச்சுப்போடாதீங்க. மூணாவது பிளக்குல பிளேடு போட்டுப்போட்டனுங்க. டிக்குனு சத்தம் கேட்டுச்சு. சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

ஹேமலதா இஞ்சினை அணைத்தாள். காற்றாடியையும் நிறுத்தினாள்.

சூடு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு அவளே மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். முனையின் அடியில் மயிரிழையாக ஒரு விரிசல். நகத்தால் லேசாகத் தொட்டாள். முனை உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் கெளம்பறனுங்க அம்மணி. என் கைக்கு இந்த வேலை ஒத்து வராது."

"உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார்.

"நான் தொழில் கத்துக்கறப்ப, எங்க வாத்தியாரோட பந்தய இஞ்சின் ஒண்ணு ஓட்டத்துலயே செதறிப் போச்சு. கடைசியாப் பிளக் மாட்டினது யாருன்னு கேட்டாரு. மாட்டினது நாந்தான், ஆனாக் கம்முனு நின்னுக்கிட்டேன். பக்கத்துல நின்னவனத்தான் வெளிய அனுப்பினாரு."

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அலமாரியிலிருந்து ஒரு புதுப் பிளக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அம்மணி, மறுபடியும் என்கிட்டயே குடுக்கறீங்களே. பக்கத்துல நின்னு பாக்க மாட்டீங்களா?"

"நீங்களே மாட்டி முடிச்சிருங்கண்ணா" என்றபடி ஹேமலதா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "நான் எங்க வாத்தியார்கிட்டப் பேசீட்டு வந்தர்றேன்."