கோடு அடித்த படிவங்கள்

தேர்வுப் பிரிவில் பதினேழு வருடம் இருந்த மாசிலாமணியை, ஐம்பத்து மூன்று வயதில் மாணவர் நல அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பில் இருந்த எமல்டா அவரைவிடப் பதினொரு வயது இளையவர். "அவங்ககிட்ட வேலை கத்துக்கோங்க" என்றார் கல்லூரி முதல்வர். மாசிலாமணி அந்த வார்த்தையை மறக்கவில்லை.

ஐந்து நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே வகுப்பெடுத்தவர்களில் ஒருவரும் எந்தப் பிள்ளைக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருக்க மாட்டார். ஆனாலும் சான்றிதழ் நல்ல தாளில் இருந்தது.

திரும்பி வந்ததும் மாசிலாமணி, வருகைக் குறைவுக்கான படிவக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டார். 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் 'பாதுகாவலர்' என்பதை ஸ்கேல் வைத்து அடித்தார். நூறு படிவம்.

"எதுக்கு சார்?" என்றார் எமல்டா.

"எல்லாரும் அப்பாவைத்தான் கூட்டிட்டு வர்றாங்க மேடம். ஒவ்வொரு தடவையும் அடிக்கிற நேரம் மிச்சம்."

எமல்டா அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வருகைப் பதிவேட்டை அணைத்துக்கொண்டு மாசிலாமணி எமல்டாவிடம் வந்தார்.

"மேடம், பயிற்சியில எல்லாம் சொன்னாங்க, ஒண்ணைத் தவிர. வந்திருக்கிறது நிஜ அப்பாதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யார் வந்திருக்கா?"

"இசக்கிராஜான்னு ரெண்டாம் வருஷப் பையன். வருகை அறுபத்திரண்டு சதவீதம். நாலு மணிக்குள்ள அப்பா கையெழுத்து வரலைன்னா ஹால் டிக்கெட் கிடையாது. ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான்." பதிவேட்டைத் திறந்து, வந்த பெற்றோர் கையெழுத்திட்ட இரண்டு பக்கங்களில் விரல் வைத்தார். "போன மாசம் இதே ஆள் வேற ஒரு பையனுக்கு அப்பா. பேர் மாறியிருக்கு, கையெழுத்தோட வால் மாறலை. பதினேழு வருஷம் விடைத்தாள் பாத்த கண்ணு மேடம்."

"நல்ல கண்ணு சார். உள்ள வரச் சொல்லுங்க. கேன்டீன்ல நாலு டீயும் சொல்லிடுங்க."

"ஏமாத்த வந்தவனுக்கு டீயா?"

"நாலு சார்."

வந்தவர் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையன் அவருக்குப் பின்னால் நின்றான்; மெலிந்திருந்தான்.

டீ வந்தது. ஒரு மிடறு குடித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"சூடு போதலையாண்ணே?" என்றார் எமல்டா.

"சூடு கெடக்கும்மா. ஒரே தூளை மூணு தரம் கொதிக்க விட்டிருக்கான். இதைப் போயி பிள்ளைங்களுக்குக் குடுக்கானே, வெளங்குவானா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க கடை எங்கண்ணே?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. பேரு கோமதிநாயகம்."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன மாசம் வேற பேரு சொன்னீரே!"

"அது தப்பு சார். அந்தப் பய கெஞ்சினான், விளையாட்டா வந்துட்டேன்."

"இது மட்டும் என்னவாம்?"

கோமதிநாயகம் திரும்பிப் பையனைப் பார்த்தார்.

எமல்டா கேட்டார். "இவன் ஏண்ணே இத்தனை நாள் காலேஜுக்கு வரலை?"

"மஞ்சக்காமாலைம்மா. முப்பத்தி நாலு நாளு. கூட இருந்த பசங்க பயந்து ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டானுக. எங்க கடை மாடியிலதான் கெடந்தான்." சட்டைப் பையிலிருந்து பெரியாஸ்பத்திரிச் சீட்டை எடுத்து விரித்தார். டீக்கறை படிந்திருந்தது. "மாத்திரையைக்கூட முழுங்கிருவான். உப்பில்லாக் கஞ்சிதான் எறங்காது. ஒவ்வொரு வாய்க்கும் கதை சொல்லணும். ஏல, நான் சொல்றது பொய்யா?"

"எல்லா நாளும் ஒரே கதை மேடம்" என்றான் பையன்.

எமல்டா சிரித்துவிட்டார். கோமதிநாயகமும் சிரித்தார். மாசிலாமணி சீட்டில் இருந்த தேதிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தன.

"அப்பா எங்கடா?" என்றார், சற்றுத் தணிந்த குரலில்.

"ஆறு வருஷமா தெரியாது சார். அம்மா கொச்சியில மீன் கம்பெனியில இருக்காங்க. ஒரு நாள் வரலைன்னாலும் வேற ஆளை வச்சிருவாங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எதுக்கு அப்பா வேஷம்?"

பையன் தரையைப் பார்த்தான். "படிவம் வாங்கினேன் சார். பாதுகாவலர்ங்கிறதை அடிச்சிருந்துச்சு. அப்படி யாரையும் சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."



எமல்டா கை நீட்டினார். "சார், அடிக்காத படிவம் ஒண்ணு குடுங்க."

மாசிலாமணி கட்டைப் பிரித்தார். மேலிருந்து கீழ்வரை புரட்டினார். பிறகு கீழிருந்து மேல்வரை புரட்டினார். ஒன்றும் இல்லை. எமல்டா நீட்டிய கையை மடக்கவில்லை.

மாசிலாமணி ஒரு படிவத்தை எடுத்தார். தான் அடித்த கோட்டுக்கு மேலே 'பாதுகாவலர்' என்று திருத்தமாக எழுதினார். தேர்வுப் பிரிவு வழக்கப்படி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். படிவத்தைக் கோமதிநாயகத்தின் முன்னால் வைத்து, தன் பேனாவையும் கொடுத்தார்.

"உங்க சொந்தப் பேரையே போடுங்க" என்றார்.

கோமதிநாயகம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுதினார்.

மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. முதல்வர் அறைக்கு எடுத்துப்போக எழுந்த மாசிலாமணி, படிவத்தைப் பார்த்து நின்றார்.

"மேடம், உறவுமுறைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. என்னன்னு எழுத?"

எமல்டா ஆறிப்போன டீயை எடுத்தார்.

"கூப்பிட்டா வருவார்னு எழுதுங்க சார்."