வரிசைக்காரனின் மூன்று வார்த்தை

முன்னொரு முகூர்த்த நாளில், ஒரு கல்யாண மண்டபத்துக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வரிசை இருந்தது. அதில் நிற்க வந்தவை எல்லாம் பெயர்கள். மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள யார் யாரை மேடைக்கு அழைக்க வேண்டுமோ, அவர்களின் பெயர்கள்.

வரிசையின் தலைமாட்டில் அழைப்பான் என்கிற புரோகிராம் படுத்திருந்தது. ஆபரேட்டர் தனக்கோடி எழுப்பும்வரை தூங்கும். எழுந்தால், முதலில் நிற்கும் பெயரை இழுத்து ஒலிபெருக்கியிடம் கொடுக்கும். வரிசை காலியாக இருந்தால் கீபோர்டில் வருவதை வாங்கிக் கொடுக்கும். நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது. பாவம், அப்படி வளர்த்துவிட்டார்கள்.

வரிசையைக் கட்டி மேய்க்க, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையிலிருந்து ஓடிவந்த கட்டளை ஒருவன் இருந்தான். பெயர் வரிசைக்காரன். அவன் படித்தது மூன்றே வார்த்தை: 'பின்னால் நில்', 'முன்னால் நில்', 'கலைந்து போ'. நாலாவது கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

முதலில் வந்து நின்றது பெண்ணின் தாய்மாமன் நல்லசிவத்தின் பெயர்.

"மொத அழைப்பு எனக்கு இல்லீன்னா எங்க ஆளு எந்திரிச்சுப் போயிருவாருங்க. கை நனைக்கக்கூட மாட்டாரு," என்றது.

உண்மைதான். வெளியே முன்வரிசை நாற்காலியில் நல்லசிவம் பட்டு வேட்டியோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் கோபித்துக்கொண்டு போனால் கல்யாணம் நாறிப்போகும்.

அடுத்துப் பெரியப்பாவின் பெயர் வந்தது.

"பின்னால் நில்," என்றான் வரிசைக்காரன்.

"நான் யாருன்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. பயந்துபோய், "முன்னால் நில்," என்றான்.

அவ்வளவுதான். அத்தை, சம்பந்தி, ஓய்வுபெற்ற தாசில்தார் என்று வந்த பெயரெல்லாம் 'நான் யாருன்னு தெரியுமா' என்றே வந்தது. ஒவ்வொன்றும் முன்னால் போய் நின்றது; கண் மூடித் திறப்பதற்குள் அதற்கும் முன்னால் இன்னொன்று நின்றது. நல்லசிவத்தின் பெயர் வாலுக்குப் போய்விட்டது.

"யோவ், நான்தானய்யா மொதல்ல வந்தேன்!"

"நான் என்னங்க பண்றது? எனக்குத் தெரிஞ்சதே மூணு வார்த்தைங்க."

"ரெண்டைச் சொல்லிட்டியே, அந்த மூணாவதையும் சொல்லித் தொலையேன்! இவங்க அத்தனை பேரும் ஒழியட்டும்!"

சொல்லித் தொலைத்தான். "கலைந்து போ."

வரிசை சுத்தமாகக் காலி. சொல்லச் சொன்ன பெயரும் காலி. இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஆள் பார்க்கத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தனக்கோடி அழைப்பானை எழுப்பினாள். அது கண்ணைக் கசக்கிக்கொண்டு கையை நீட்டியது. ஒன்றும் அகப்படவில்லை. சரி, கீபோர்டு ஏதாவது தரும் என்று காத்திருந்தது. தனக்கோடியோ, ஒலிபெருக்கி பேசும் என்று காத்திருந்தாள்.

"என்ன புள்ள, மைக் ஊமையாயிருச்சா?" என்று மேடையிலிருந்து போட்டோக்காரர் கத்தினார். மணமக்களுக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. நல்லசிவம் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார்.

தனக்கோடிக்குப் பொறுமை போய்விட்டது. படபடவென்று தட்டினாள்: 'எருமை மாடே, வாயைத் திற.'

அழைப்பான் ஆசையாக வாங்கி ஒலிபெருக்கியிடம் கொடுத்தது.

"முதலாவதாக," என்று மண்டபமே அதிர்ந்தது, "எருமை மாடே வாயைத் திற அவர்கள் மேடைக்கு வரவும்."

தனக்கோடி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

நல்லசிவம் எழுந்தார். மீசையைத் தடவினார். பக்கத்தில் எழப்போன பெரியப்பாவை முழங்கையால் அமுக்கிவிட்டு மேடையை நோக்கி நடந்தார்.

"மொதல்லன்னு சொன்னாங்கல்ல? அப்ப நான்தான்."