பவளராயன் என்ற பேர்

ரொம்ப ரொம்ப முந்தி, ஆற்றுக்கு ஒரு கரை மட்டுமே முளைத்திருந்த காலத்தில், பூவாத்தாள் என்றொரு சிறுமி இருந்தாள். வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். ஊர் அவசரப்பட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடும். காத்திருந்து கேட்பவன் அண்ணன் பவளராயன் ஒருவன்தான்.

ஒருநாள் ஆற்றங்கரையில் கோலூன்றி வந்த ஒரு மந்திரவாதி, அண்ணனோடு நின்ற அவளிடம் வழி கேட்டான்.

"கி... கி... கி..."

"கி... கி..." என்று அவனும் இளித்துக் காட்டினான்.

"வாயை மூடுய்யா. அவ சொல்லி முடிக்கட்டும்" என்றான் அண்ணன்.

"காத்திருக்க அவ்வளவு பிடிக்குமா உனக்கு? கல்லாக் காத்திரு!"

அண்ணன் கல்லானான். தலை சாய்ந்து, காது அவள் பக்கம் திரும்பியபடி.

"இவன் பேரை இவ முழுசாச் சொன்னா எழுவான். நடுவுல வேற யாராவது சொன்னா மண்ணுக்குள்ள போவான். மூணே தடவைதான் சொல்லிப் பாக்கலாம்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான் மந்திரவாதி.

அவள் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வெறும் 'ண்ணா'தான்.

"ப... ப... ப..."

ஓடிவந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பவளராயான்னு சொல்லுடி, என் கண்ணே!"

கல் இடுப்புவரை இறங்கியது.

ஊரே கூடியது. "மெதுவா!" "மூச்சை விடு!" "நாக்கைக் கவனி!" அவள் கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க நாக்கு கட்டையானது.

"ப... பவ... வ..."

"பவளராயன்!" என்று நல்ல மனசோடு கத்திவிட்டது ஊர்.

கல் கழுத்துவரை இறங்கியது.

"அவ்வளவுதான், பையன் போயிட்டான்" என்று ஊர் கலைந்தது. அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். மறுபடி வாய் தவறிவிடுமோ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவளும் போனாள்.

மந்திரவாதி மட்டும் நின்றான். "நாக்கையே பாரு பூவாத்தா. எப்படி நடுங்குது பாரு."

பார்த்தாள். ஓடிவிடலாம்போல இருந்தது. வெகுநேரம் அழுதாள். அழுத கண்ணில், மணலுக்கு மேல் மிஞ்சியிருந்த அந்தக் காது பட்டது. அது இன்னும் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அவள் நாக்கை மறந்து, காதருகே உட்கார்ந்தாள்.

"ப... ப... ப..." சிக்கியது. சொல்லைப் பிடித்துத் தள்ளவில்லை, ஓடவுமில்லை. "பவ... வ..." வெயில் சாய்ந்தது. "பவள... ளரா... ராயன்."

மணல் பிளந்தது. அண்ணன் இருமிக்கொண்டே எழுந்தான். மந்திரவாதியின் கோல் பொடிந்து உதிர்ந்தது. முணுமுணுத்தபடி அவன் போய்விட்டான்.

"வீ... வீ... வீ..." என்றாள் தங்கை.

என்ன சொல்கிறாள் என்று அண்ணனுக்குத் தெரியும். பசி வேறு. ஆனாலும் தலையைச் சாய்த்து நின்றான்.

"வீ... வீட்டுக்குப் போலாம்ண்ணா."

"ம், போலாம்."

இருவரும் நடந்தார்கள். கரையில் அப்புறம் ஒருவருமில்லை.